கடலடிக் காணிக்கு உறுதி எழுதுவோர் யார்?

(மன்னாரிற் கமக்காரரும் கடற்றொழிலாளரும் சட்டத்தரணிகளும் ஒருங்கு கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கடலைப் பற்றியது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கமக்காரப் பெருமக்களின் முகத்தில் ஒரு வினா எழுவதைக் காண்கின்றோம். "வயலுக்கு நீரில்லை, நெல்லுக்கு விலையில்லை, இந்த வேளையிற் கடலடியிற் கிடக்கும் உடைந்த கப்பலைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே!" என்பதே அவ்வினா. நியாயமான வினாதான். அதற்கு விடை கூறாமல் மேலே செல்வது முறையன்று.

காணி வழக்குகளில் ஆண்டுக்கணக்காக உழன்றவர்கள் நாம். வேலியை ஓரடி தள்ளிப் போட்டதற்காக மூன்று தலைமுறை வழக்காடிய குடும்பங்களை நாம் அறிவோம். அத்தகைய வழக்கில் நீதிபதி முதலிற் கேட்பது யாது? "உறுதி எங்கே? எல்லை எங்கே? உடையவன் யார்?" என்பதே. இந்த மூன்று வினாக்களையும் இன்று கடலை நோக்கிக் கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது. ஏனெனில், நமது கரைக்கு அப்பாலுள்ள கடற்பரப்பு வரைபடத்திலே துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் ஒரு வரைபடம் உண்டு. காற்றாலைக்கு இன்னொரு வரைபடம் உண்டு. அக்கடலின் அடியில் நம் முன்னோர் விட்டுச் சென்றவை எங்கெங்கே கிடக்கின்றன என்பதற்கு மாத்திரம் வரைபடம் இல்லை!

நயினாதீவுக் கல் சொல்லும் சட்டம்

கடலில் மூழ்கிய கலங்களைப் பற்றிச் சட்டம் செய்வது மேல்நாட்டாரிடமிருந்து நாம் கற்கவேண்டிய புதுமை என்று எவரும் எண்ணவேண்டாம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே ஒரு கல்வெட்டு இருக்கின்றது. 12ஆம் நூற்றாண்டிற் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது. அது தமிழ் மொழியிற் பொறிக்கப்பட்டுள்ளது என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்று அக்கட்டளை கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கலம் உடைந்தால், நாலில் ஒரு பங்கு திறைசேரிக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கேற்றிய கலம் உடைந்தால், பாதி திறைசேரிக்கு, பாதி உடையவனுக்கு.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். அரசன் வலியவன்; உடைந்த கலத்தின் உடையவன் அந்நியன், உதவியற்றவன். எனினும் அரசன் முழுவதையும் அள்ளிக்கொள்ளவில்லை. பங்கு இன்னதென்று முன்கூட்டியே எழுதினான். எழுதியதைக் கல்லிலே வெட்டினான். வெட்டியதைத் துறைமுகத்து மக்களுக்கு விளங்கும் மொழியிலே வெட்டினான். வலியவன் தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் விதியே சட்டம். 800 ஆண்டுகளுக்கு முன் இத்தீவிற் கடலுக்கு அத்தகைய சட்டம் இருந்தது. இன்று நாம் வேண்டி நிற்பதும் அதுவே.

கடலடியில் இருப்பது யாது?

2003ஆம் ஆண்டில், தென்கரையிலே அம்பாந்தோட்டைக்கு அணித்தான கோடவாய என்னும் இடத்திற் கடலுள் மூழ்கித் தொழில் செய்தோர், 30 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஒரு பழங்கலத்தின் சிதைவைக் கண்டனர். கண்ணாடிப் பாளங்களும் உலோகமும் அரைக்கும் கல்லும் மட்பாண்டங்களும் அங்கே கிடந்தன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கலம் அது என்று அறிஞர் மதிப்பிட்டனர். இந்து சமுத்திரத்தில் அறியப்பட்ட மிகப் பழைய கப்பற் சிதைவுகளில் அதுவும் ஒன்று. அதைக் கண்டுபிடித்தது கோடிக்கணக்கான பணம் செலவிட்ட ஆய்வுக் கப்பலன்று. அன்றாடம் வயிற்றுப்பாட்டுக்காகக் கடலில் இறங்கிய தொழிலாளிகளே என்பதை மறத்தல் கூடாது.

காலித் துறைமுகத்தில் 1659ஆம் ஆண்டில் மூழ்கிய ஒல்லாந்தக் கப்பலான 'அவொன்ட்ஸ்டர்' இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராயப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால், 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்களாற் தகர்க்கப்பட்ட பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஹேர்மெஸ்', 300க்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்ட இடமாகக் கிடக்கின்றது. அது பழம்பொருள் மாத்திரமன்று, கல்லறையுமாகும்.

இனி நமது கரைக்கு வருவோம். மாதோட்டத்தின் பெருமையை இவ்வூரவருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மேற்கேயிருந்தும் கிழக்கேயிருந்தும் வந்த பண்டங்கள் கைமாறிய துறை அது என்பதை அங்கு நடந்த அகழ்வுகள் மெய்ப்பித்துள்ளன. நூற்றாண்டு நூற்றாண்டாகக் கலங்கள் வந்துபோன துறைக்கு அப்பாலுள்ள கடலில், ஒரு கலமேனும் உடைந்திராது என்று எவரேனும் கூறத் துணிவரோ?

அதற்கும் முந்திய காலம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உறைபனிக் காலத்திலே, உலகக் கடல்மட்டம் இன்றையதிலும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்து நின்றது. பாக்கு நீரிணையின் ஆழமோ பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைவு. ஆகவே இன்று நமது வள்ளங்கள் ஓடும் நீர்ப்பரப்பு அன்று தரை. மனிதன் நடந்த தரை, வேட்டையாடிய தரை, ஒருவேளை அடுப்பு மூட்டி உறங்கிய தரை. அக்காணிக்கு இன்று உறுதியும் இல்லை, வேலியும் இல்லை. ஆயினும் அது காணியே!

மின்சாரம் வேண்டாம் என்போமா?

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகின்றோம். எரிசக்தி வேண்டாம் என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, நீர் இறைக்கும் இயந்திரம் ஓடாமற் கண்முன்னே வாடிய பயிரை நாம் மறக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற கடற்றொழிலாளியையும் மறக்கவில்லை. நாட்டுக்குச் சொந்த எரிவாயுவும் காற்றின் மின்சாரமும் கிடைக்குமாயின் அதை வரவேற்பவர்களில் முதல்வர்களாக நாம் நிற்போம்.

மன்னார்ப் படுகையில் 2011ஆம் ஆண்டில், 1,300 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழக்கடலிற் துளையிட்டபோது எரிவாயு இருப்பது உறுதியாயிற்று. துளையிட்ட நிறுவனம் பின்னர் விலகிச் சென்றது. ஆனால் எரிவாயு விலகிச் செல்லவில்லை. அதை எடுப்பதற்கான சட்டம் 2003இல் வந்தது. 2021இற் புதிய பெற்றோலிய வளங்கள் சட்டம் அதனிடத்தைப் பெற்றது. 2023இல் உலக வங்கிக் குழு இலங்கையின் கடற்காற்றாலைகளுக்கென ஒரு வழிவரைபை வெளியிட்டது. எதிர்க்கரையிலே இந்திய மத்திய அமைச்சரவை 2024ஆம் ஆண்டு யூன் மாதத்தில், குஜராத்துக்கு 500 மெகாவாற்றும் தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாற்றும் ஆகக் கடற்காற்றாலைகளுக்கு நிதியுதவித் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. இன்று இல்லாவிடின் நாளை, நாளை இல்லாவிடின் மறுநாள், கடலடியிற் கம்பமும் குழாயும் மின்வடமும் இறங்கத்தான் போகின்றன. இறங்குமுன் விதி எழுதப்பட வேண்டும், இறங்கிய பின்பன்று. இதுவே நமது கட்சி.

கேடு எவ்வாறு நேர்கின்றது?

உழவனுக்கு இதை விளக்குவது எளிது. புதைந்த பானை ஒன்று வயலில் இருக்கின்றது. மண்வெட்டியால் மெல்லக் கிளறினாற் பானை முழுதாக வெளிவரும். பெரிய இயந்திரத்தால் ஒருமுறை புரட்டினால் ஓடுகள்தாம் மிஞ்சும். அவையும் எந்த மட்டத்தில் எதன் அருகே கிடந்தன என்ற செய்தி அழிந்துபோகும். செய்தி அழிந்த பின் ஓடு வெறும் ஓடே.

கடலிலும் அவ்வாறே. காற்றாலையின் தூண் மண்ணுள் ஆழ அறையப்படுகின்றது. அதைச் சுற்றி ஓடும் நீரோட்டம் மணலை அரித்துப் பள்ளம் பறிக்கின்றது. மின்வடத்தைப் புதைக்க நீண்ட அகழி வெட்டப்படுகின்றது. வேலைக் கப்பல்களின் நங்கூரங்கள் அடித்தரையைக் கீறிச் செல்கின்றன. இவற்றுள் எதுவும் தீய எண்ணத்தாற் செய்யப்படுவதன்று. ஆயினும் தெரியாமற் செய்த கேடும் கேடே; கடலடியில் அது திருத்த முடியாத கேடு.

பிறநாடுகள் கற்ற பாடம்

ஐக்கிய அமெரிக்காவின் தெற்கேயுள்ள மெக்சிக்கோ வளைகுடாவில், 2001ஆம் ஆண்டில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. ஒன்றில், சுமார் 800 மீற்றர் ஆழத்தில் ஒரு குழாய் போடப்பட்டது. போட்டு முடித்தபின் சோதித்துப் பார்த்தபோதுதான், செப்புத் தகடு போர்த்த பழைய மரக்கப்பல் ஒன்றை ஊடறுத்து அக்குழாய் கிடப்பது தெரிந்தது. மற்றொன்றில், குழாய் போடுமுன்பே கடலடி அளக்கப்பட்டது. அளந்தபோது, 1942இல் மூழ்கிய 'யூ-166' என்னும் ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் அதன் மாலுமிகளோடு சுமார் 1,500 மீற்றர் ஆழத்தில் கிடப்பது கண்டறியப்பட்டது. குழாயின் வழி மாற்றப்பட்டது, கல்லறை கலையவில்லை. கடல் ஒன்று, ஆண்டு ஒன்று, தொழிலும் ஒன்று. வேறுபாடு யாது? ஓரிடத்தில் முதலிற் பார்த்தார்கள். மற்ற இடத்திற் பின்னர் பார்த்தார்கள். அவ்வளவே!

நோர்வே நாட்டின் செய்தி இன்னும் தெளிவானது. 'ஓர்மன் லாங்கே' என்னும் எரிவாயுத் திட்டத்துக்குக் குழாய் வழி தேடியபோது, 2003ஆம் ஆண்டில், சுமார் 170 மீற்றர் ஆழத்தில் ஒரு கப்பற் சிதைவு கண்டறியப்பட்டது. கடலடி கரடுமுரடானது; வழியை மாற்றுவது எளிதாக இல்லை. மனிதர் எளிதில் மூழ்கி வேலை செய்யக்கூடிய ஆழமுமன்று. ஆகவே, இதற்கெனவே அமைத்த தொலைக்கட்டுப்பாட்டு இயந்திரத்தைக் கொண்டு, துரொண்ட்ஹைம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2005இலும் 2006இலும் அச்சிதைவை அகழ்ந்து பதிவு செய்தனர். செலவு யாருடையது? திட்டத்தை நடத்தியவர்களுடையது. 1978ஆம் ஆண்டின் நோர்வேச் சட்டம் அவ்வாறு விதிக்கின்றது. எரிவாயு நின்றுபோயிற்றா? இல்லை, 2007ஆம் ஆண்டில் அது ஓடத் தொடங்கியது. பழம்பொருளைக் காத்தாற் தொழில் அழியும் என்று அச்சுறுத்துவோருக்கு இதைவிட நல்ல மறுமொழி வேறில்லை.

2023இல், இஸ்ரேல் கரையிலிருந்து சுமார் 90 கிலோமீற்றர் தொலைவில், 1,800 மீற்றர் ஆழத்தில், எரிவாயு நிறுவனம் ஒன்றின் அளவைக் கப்பல் நூற்றுக்கணக்கான சாடிகளைக் கண்டது. 3,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட வணிகக் கலத்தின் சரக்கு அது. ஆழக்கடலில் ஒன்றும் இராது என்று இனி எவரும் கூறமுடியாது.

வட கடலின் கதையோ நமக்கு மிக நெருக்கமானது. 1931இல் ஒரு மீன்பிடிக் கப்பலின் வலையிற் கடலடி மண்கட்டியோடு மான்கொம்பிற் செய்த ஈட்டிமுனை ஒன்று வந்தது. பிரித்தானியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஒரு நாடு மூழ்கிக் கிடக்கின்றது என்பதற்கு அது சான்றாயிற்று. அந்நாட்டின் ஆறுகளையும் மேடுகளையும் பிற்காலத்தில் வரைந்து காட்டியவர்கள் பேர்மிங்காம் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர். எதைக் கொண்டு வரைந்தார்கள்? எண்ணெய் தேடியவர்கள் தம் தேவைக்கு எடுத்து வைத்திருந்த நில அதிர்வு அளவைப் பதிவுகளைக் கொண்டே! எண்ணெய்க்காரனின் ஏட்டிலே பழைய நாடு இருந்தது. படிக்கத் தெரிந்தவனிடம் அவ்வேடு கொடுக்கப்பட்டபோது அது வெளிப்பட்டது. மன்னார்க் கடலிலும் அத்தகைய அளவைகள் எடுக்கப்பட்டுள்ளன. அவற்றைப் படிக்கும் உரிமை நமது பல்கலைக்கழகங்களுக்கு ஏன் இருத்தல் கூடாது?

சட்டத்தில் உள்ள ஓட்டைகள்

1982ஆம் ஆண்டின் கடற்சட்ட சமவாயம், கடலிற் கிடக்கும் தொல்பொருள்களைக் காப்பது அரசுகளின் கடமை என்று 303ஆம் உறுப்புரையிற் கூறுகின்றது. ஆனால் அக்கடமைக்கு அவ்வுறுப்புரை தரும் தெளிவான அதிகாரம் கரையிலிருந்து 24 கடல்மைல் வரையே செல்கின்றது. எண்ணெய்க்கும் வாயுவுக்கும் அரசின் உரிமை 200 கடல்மைல் வரை செல்கின்றது. எடுப்பதற்கு நீண்ட கை. காப்பதற்குக் குறுகிய கை!

2001ஆம் ஆண்டின் யுனெஸ்கோ சமவாயம் இக்குறையை ஓரளவு போக்க முயன்றது. 2009ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அச்சமவாயம், 100 ஆண்டுகளேனும் நீரடியிற் கிடந்த மனிதச் சுவடுகளைப் பண்பாட்டுச் சொத்து என வரையறுக்கின்றது; இருந்த இடத்திலேயே பேணுவதை முதல் வழியாகக் கொள்கின்றது; விற்பனைக்கு அள்ளுவதைத் தடுக்கின்றது. எனினும், குழாயும் மின்வடமும் இடுதல் தொல்பொருளை நோக்கிய செயலாகாது என்று அது தன் வரைவிலக்கணத்திலேயே ஒதுக்கிவிட்டது. பிற தொழில்களால் இடையே நேரும் கேட்டைத் தம்மால் இயன்ற வழிகளால் தடுக்கவோ குறைக்கவோ வேண்டும் என்று 5ஆம் உறுப்புரை அரசுகளுக்குக் கடமை விதிக்கின்றது. 'இயன்ற வழி' என்பது சட்டத்தரணிகளுக்கு நன்கு தெரிந்த சொல். விரும்புகிறவனுக்கு அது பெரிய வாசல். விரும்பாதவனுக்கு நல்ல சாட்டு. மேலும், 100 ஆண்டு என்ற கணக்கின்படி பார்த்தால், 'ஹேர்மெஸ்' 2042ஆம் ஆண்டிலேதான் அவ்வரையறைக்குள் வரும். அதுவரை?

நமது நாட்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1998இற் திருத்தப்பட்டது. அபிவிருத்தித் திட்டங்களுக்கு முன் தொல்பொருளியற் தாக்கத்தை மதிப்பிடுவதற்கு அத்திருத்தம் வழி திறந்தது. நல்லது. ஆனால் அதன் நோக்கும் நடைமுறையும் நிலத்தையே மனதிற் கொண்டவை. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டத்தின் வலயமோ கடற்பக்கம் 2 கிலோமீற்றரோடு நின்றுவிடுகின்றது. கடல் வலயங்கள் 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்திலும் மத்திய அரசின் ஒதுக்கிய பட்டியலிலேயே வைக்கப்பட்டன; மாகாணத்துக்கு அங்கே சொல் இல்லை. ஆக, ஆழக்கடலில் ஒரு தூண் நடுமுன் அதன் கீழே என்ன இருக்கின்றது என்று கேட்கும் கடமையைத் தெளிவாக ஒருவர் தலையில் வைத்த விதி நமக்குத் தேவைப்படுகின்றது.

இதற்குப் புதிய உலக ஒப்பந்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. துளையிட அனுமதி கொடுப்பது எந்த அரசு? அதே அரசு அந்த அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனை எழுதலாம். அனுமதி செல்லும் தூரமெல்லாம் நிபந்தனையும் செல்லும். அனுமதி கொடுக்கும் கைக்கு 200 கடல்மைல் நீளம் உண்டாயின், நிபந்தனை எழுதும் கைக்கு அந்நீளம் ஏன் இல்லாமற் போகும்?

நமக்குள் எழும் ஐயம்

இனி, எல்லோர் மனத்திலும் இருந்தும் எவரும் சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்லுவோம். "தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதைக்கிறதே! காணிக்குள் எல்லைக்கல் நட வருகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தானே வருகிறார்கள்? தரையிற் பட்டது போதாதென்று கடலிலும் அவர்களுக்கு அதிகாரம் கேட்பதா?" என்று வடக்கிலும் கிழக்கிலும் கமக்காரர் நம்மிடம் கேட்டிருக்கின்றனர்.

இந்த ஐயம் காரணமற்றதன்று. 2020ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள்களுக்கென ஒரு செயலணி அமைக்கப்பட்டபோது, அதன் தலைவராக இருந்தவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் அம்மாகாணத்துக்கான செயலணியில், அமைக்கப்பட்ட வேளையில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இடம்பெறவில்லை. இத்தகைய அனுபவத்தைப் பெற்ற மக்கள் அஞ்சுவது இயல்பு.

ஆனால் நண்பர்களே, திருடன் ஒருவன் விளக்கைப் பிடித்து வந்தான் என்பதற்காக நாம் விளக்கையே வெறுப்பதா? தொல்லியல் தவறன்று, மக்களை ஒதுக்கிவைத்து நடக்கும் தொல்லியலே தவறு. அதற்கு மருந்து கண்ணை மூடிக்கொள்வதன்று. மேசையில் நமது இடத்தைக் கேட்டுப் பெறுவதே. நாம் கேட்காவிடின் அவ்விடம் வெறுமையாக இராது, வேறொருவர் அமர்வார். மேலும், கடலடிக் கலம் எந்த ஓர் இனத்துக்கும் உறுதி எழுதித் தருவதன்று. ஒரே கலத்தில் ஒரு நாட்டுக் கண்ணாடியும் இன்னொரு நாட்டுப் பானையும் வேறொரு நாட்டு மாலுமியும் இருந்திருப்பர். அதைக் கொண்டு ஒருவரும் இன்னொருவரின் வேலியைப் பிடுங்க முடியாது. பிடுங்க விடவும் கூடாது. ஆகவே நாம் வேண்டும் விதியில், கடலடிக் கண்டுபிடிப்பு எதுவும் கரையிலுள்ள காணிக்கோ, வாடிக்கோ, பாட்டு உரிமைக்கோ எதிராகப் பயன்படுத்தப்படலாகாது என்ற வாசகம் முதலில் நிற்கவேண்டும்.

நாம் வேண்டுபவை

முதலாவது: கடலடியில் எரிசக்தி வேலைக்கான அனுமதி ஒவ்வொன்றிலும், வேலை தொடங்குமுன் தொல்பொருளியற் தாக்க மதிப்பீடு கட்டாயமாதல் வேண்டும். அளவை எடுத்த பதிவுகளைத் தகுதியுள்ள கடல்சார் தொல்லியலாளர் படித்துக் கையொப்பமிட வேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை. இரும்பைத் தேடும் காந்தக் கருவி ஒன்றையே நம்புதல் தகாது. இந்து சமுத்திரத்துப் பழங்கலங்கள் பல ஆணியால் அறையப்படாமற் கயிற்றாற் தைக்கப்பட்டவை. இரும்பில்லாக் கலத்தைக் காந்தம் அறியாது. ஒலி அலையால் அடித்தரையைப் படம்பிடிக்கும் கருவிகளும், ஐயமான இடத்தில் நேரிற் காணும் ஒளிப்படமும் வேண்டும்.

இரண்டாவது: சிதைவு காணப்பட்ட இடத்தைச் சுற்றி விலக்கு வலயம் வகுக்கப்பட வேண்டும். தூணையும் குழாயையும் விலக்கி வைப்பதே முதல் வழி. விலக்கவே முடியாதெனின், நோர்வேயிற் போல, அகழ்ந்து பதிவு செய்தபின்பே வேலை நடக்கலாம்.

மூன்றாவது: செலவு திட்டத்தை நடத்துவோருடையது. அதற்குப் பிணைப்பணம் முன்கூட்டியே கட்டப்பட வேண்டும். வேலை முடிந்து கப்பல் போனபின் கடிதம் எழுதிக்கொண்டிருக்க நம்மால் இயலாது.

நான்காவது: வேலை நடக்கும்போது எதிர்பாராமல் ஏதேனும் தட்டுப்பட்டால், அவ்விடத்தில் வேலையை நிறுத்தி உடனே அறிவிக்கும் ஒழுங்கு இருக்க வேண்டும். பிரித்தானியக் கடற்காற்றாலைகளுக்கு 2010ஆம் ஆண்டு முதலே இத்தகைய ஒழுங்கு எழுதப்பட்டுள்ளது. அறிவித்த தொழிலாளியின் வேலைக்கு அதனாற் பங்கம் வராது என்ற உறுதியும் அதிலே சேரவேண்டும்.

ஐந்தாவது: மதிப்பீட்டு அறிக்கை தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். மாகாணமும், வடக்குக் கிழக்கிலுள்ள பல்கலைக்கழகங்களும், கடற்றொழிலாளர் சங்கங்களும் இடம்பெறும் குழு அதை ஆராய வேண்டும். தேசவழமைச் சட்டத்திலே, காணியை விற்க எண்ணியவன் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும் என்ற நெறி உண்டு. அறிவியாமல் விற்ற விற்பனையை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் செல்லலாம். பத்துப் பரப்புக் காணிக்கு இந்த மரியாதை உண்டெனின், தலைமுறை தலைமுறையாக நாம் பிழைத்த கடலுக்கு அது வேண்டாவா?

செலவும் தாமதமும்

"இதனாற் செலவு கூடும், காலம் தாழ்க்கும்" என்பர். கூடும், தாழ்க்கும். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த நிறுவனமும் கடலடியை அளக்காமற் தூண் நடுவதில்லை. அளவை எப்படியும் நடக்கின்றது. அதைப் படிக்க இன்னொரு கண்ணைச் சேர்க்கும்படியே கேட்கின்றோம். தொடக்கத்திலே வழி மாற்றுவதற்குத் தாளும் மையும் போதும். நடுவிலே நிறுத்துவதற்குத்தான் கப்பல்களும் கோடிகளும் வேண்டும். ஆகவே முன்கூட்டிய விதி நேர்மையான முதலீட்டாளருக்கும் நன்மையே.

நாம் செய்யவேண்டியது

அரசு செய்யட்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் நமக்கு ஆகாது. இழுவைமடித் தொழில் கடலடியைச் சுரண்டியபோது, வடபகுதிக் கடற்றொழிலாளர் ஆண்டுக்கணக்காகக் குரல் எழுப்பினர். 2017ஆம் ஆண்டில் அதைத் தடைசெய்யும் திருத்தச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் நிறைவேறியதோடு துன்பம் முற்றாக நீங்கிற்று என்று நாம் கூறவில்லை. ஆனால் அமைப்பாக நின்று கேட்டால் சட்டம் பிறக்கும் என்பதற்கு அது சான்று.

ஒல்லாந்தர் நம் காணிகளுக்குத் தோம்பு எழுதினர். வரி வாங்குவதற்கே எழுதினராயினும், இன்றும் வழக்குகளில் அத்தோம்பு பேசுகின்றது. நாம் ஒரு கடற்றோம்பு எழுதவேண்டும். இவ்வவையிலே முத்துப் பார்களையும் சங்குப் படுக்கைகளையும் உள்ளங்கை போல் அறிந்த முதியவர்கள் இருக்கின்றனர். வலை எங்கே சிக்கும், தூண்டில் எங்கே அறும், எந்த இடத்தில் முன்னொரு காலத்திற் சாடியும் பலகையும் வலையில் வந்தன என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கண்மூடினால் அந்த அறிவும் கண்மூடும். ஊர்தோறும் இளைஞர் இருவர் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர்களிடம் சென்று அமரட்டும். இடமும் ஆழமும் கண்ட பொருளும் எழுதட்டும். எழுதியதைச் சங்கத்திற் பூட்டி வைக்கட்டும். கள்ளர் கையில் அகப்பட்டாற் பொருள் போய்விடும். எந்தத் திட்டத்தின் சுற்றாடல் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டாலும், கருத்துரைக்க அளிக்கப்படும் காலம் சில வாரங்களே. அந்நாட்களிற் தேடத் தொடங்கினாற் பயனில்லை. அந்நாள் வருமுன் தோம்பு நம் கையில் இருக்கவேண்டும். அதைச் சட்ட மொழியில் மனுவாக்கும் வேலையைச் சட்டத்தரணிகளாகிய நாம் ஊதியமின்றிச் செய்வோம். இதை இவ்வவையில் வாக்குறுதியாகவே கூறுகின்றோம்.

கமக்காரப் பெருமக்களே, தொடக்கத்தில் உங்கள் முகத்திற் கண்ட வினாவுக்கு இப்பொழுது விடை கூறுவோம். குளத்து நீர் உங்களுக்குச் சொந்தம். ஆயினும் அலைகரையை வெட்டிக் குளத்தை உடைக்கும் உரிமை ஒருவருக்கும் இல்லை. ஏன்? அது அடுத்த போகத்துக்கும் அதற்கடுத்த போகத்துக்கும் உரியது. கடலடியும் அத்தகையதே. இன்றைய எரிவாயு ஒரு தலைமுறையில் எரிந்து தீரும். அதை எடுப்பதற்காக ஈராயிரம் ஆண்டுச் செய்தியை ஒரு பகலில் உடைத்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு நாம் என்ன மறுமொழி சொல்வோம்?

நயினாதீவுக் கல்லை வெட்டியவனுக்கு ஆழங்காணும் கருவி இல்லை. உலக சமவாயம் இல்லை. ஆயினும் பங்கை முன்னரே எழுதவேண்டும், மக்கள் மொழியில் எழுதவேண்டும் என்ற அறிவு அவனுக்கு இருந்தது. அந்த அளவு அறிவையே இன்றைய அரசிடம் நாம் கேட்கின்றோம். கேட்பதற்குரிய சான்றை முதலில் நாமே திரட்டுவோம். அடுத்த மாதம் இவ்விடத்தில் மீண்டும் கூடும்போது, ஒவ்வோர் ஊரின் கொப்பியிலும் முதற்பக்கமேனும் நிறைந்திருக்க வேண்டும்.